குடிநோயாளியின் மூளையும் குடலும்: மொன்றியல் ஆய்வுகளின் வழியே ஒரு வரலாறு

குடலைச் சீர்செய்து மூளையைத் தெளியவைக்கலாம் என்ற பேச்சு இன்று புதிதாகக் கேட்கிறது. மதுவால் கல்லீரல் சுருங்கிப்போனவர்களைப் பொறுத்தவரை அது பழைய கதை. குடலிலிருந்து வரும் இரத்தத்தைக் கல்லீரலுக்குள் விடாமல் நேரே பெருஞ்சிரைக்குத் திருப்பும் அறுவையை 1877-இல் ரஷ்யாவில் நிக்கொலாய் எக் நாய்களில் செய்து பார்த்தார். அப்படித் திருப்பப்பட்ட நாய்கள் இறைச்சி தின்றதும் தள்ளாடி மயங்குவதை 1893-இல் பாவ்லோவின் குழு பதிவு செய்தது. 1954-இல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் குழுவினர் இதே நிலையை மனிதர்களில் விரிவாக விவரித்தனர். குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியா கல்லீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்கு ஏறுகிறது என்பதே மையக் கருத்து. நீட்டிய கைகள் படபடக்கின்றன. தாளில் சிதறிக் கிடக்கும் 1 முதல் 25 வரையான எண்களை வரிசையாகக் கோடிட்டு இணைக்கச் சொன்னால் நோயாளி பாதியில் திணறுகிறார்.

மூளைக்குள் அந்த அம்மோனியா என்ன செய்கிறது என்ற கேள்வியை நெடுங்காலம் விடாமல் துரத்திய இடங்களில் ஒன்று மொன்றியலின் சென்-லூக் மருத்துவமனை. அங்கே ரொஜர் பட்டர்வர்த் நடத்திய ஆய்வகம், அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றும், மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களே முதலில் பாதிக்கப்படுகின்றன என்ற புரிதலை வலுப்படுத்தியது. ஜில் பொமியே-லராக்கும் அவரும் 1995-இல் இன்னொன்றைக் காட்டினர்: சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்க நோயாளிகளின் மூளையில் பாலிடம் என்னும் பகுதியில் மாங்கனீஸ் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. உணவோடு குடல் வழியே வரும் இந்த உலோகத்தைப் பித்தத்தில் கழித்துவிட வேண்டியது கல்லீரலின் வேலை. 1994-இல் அதே மருத்துவமனைக் குழு மூளையின் ஏற்பிகளையே குறிவைத்து ஃபுளுமசெனில் மருந்தைச் சோதித்தது. சிலர் சிறிது நேரம் தெளிந்தார்கள். அந்த வழி நிலையான சிகிச்சையாகவில்லை. நிலைத்தவை குடலில் வேலை செய்யும் மருந்துகள்தாம். 1966-இல் அறிமுகமான லாக்டுலோஸ் திகட்டும் இனிப்புள்ள ஒரு பாகு. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளித்து, அம்மோனியாவை அங்கேயே சிறைப்படுத்தி வெளியேற்றுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் கழியும்படி அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

ஆனால் குடிநோயாளியின் குடல் விடக்கூடாததை விடுவதோடு நிற்பதில்லை. விட வேண்டியதை மறிக்கவும் செய்கிறது. மது, தயமின் என்னும் பி1 வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. கெட்ட கல்லீரலால் அதைச் சேமிக்கவும் முடிவதில்லை. 1997-இல் ஜிலியன் கிரில்லும் பட்டர்வர்த்தும் முற்றிய கல்லீரல் நோயால் இறந்த குடிநோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தபோது, தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே நோயின் தடயங்கள் சிலரிடம் தென்பட்டன. உயிரோடிருந்தபோது அவர்களின் குழப்பம் அம்மோனியாவின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். குடல்–மூளை வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை.

லாக்டுலோஸுக்கே ஆதாரம் போதாது என்று 2004-இல் ஒரு முறைசார் மீளாய்வு கேள்வி எழுப்பியது. நியாயமான கேள்வி, பழைய சோதனைகள் சிறியவை, தரமும் குறைந்தவை. பின்னர் 2009-இல் தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனை நடத்திய சோதனையில், லாக்டுலோஸ் பெற்றவர்களில் 19.6 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 46.8 சதவீதம் பேருக்கும் குழப்பம் திரும்பியது. யாருக்கு எது தரப்பட்டது என்பது மறைக்கப்படவில்லை என்றாலும் இடைவெளி பெரிது. குடலிலேயே வேலை செய்யும் ரிஃபாக்சிமின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை வைத்து 2010-இல் 299 பேரிடம் நடந்த சோதனையிலும் இதே போக்கு: 22.1 சதவீதத்துக்கு எதிராக 45.9 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் லாக்டுலோஸையும் எடுத்துக்கொண்டிருந்தனர். குடியை விட்டாலே போதாதா என்பது இன்னொரு ஆட்சேபம். விடத்தான் வேண்டும், அதனால் மீளும் கல்லீரல்களும் உண்டு. ஆனால் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலைச் சுற்றிப் போகும் இரத்தம், கோப்பையைக் கீழே வைத்த மறுநாளே பழைய பாதைக்குத் திரும்பிவிடாது.

இப்போது ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து நோயாளியின் குடலில் செலுத்தும் சிகிச்சை பேசப்படுகிறது. மதுப்பழக்கம் உள்ள 20 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2021-இல் வெளியான சோதனையில் குடிக்கும் வேட்கை தற்காலிகமாகத் தணிந்தது. அபாயமும் பதிவாகியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத ஈ. கோலை பாக்டீரியா இப்படிப் பரவி இருவருக்கு இரத்தத் தொற்று ஏற்பட்டதும் ஒருவர் இறந்ததும் 2019-இல் வெளியாயின. பிழைத்தவர் கல்லீரல்சார் மூளைக்குழப்பத்துக்கான சோதனையில் சேர்ந்திருந்தவர். நன்கொடையாளரை இன்னும் கடுமையாகப் பரிசோதித்தால் அபாயம் குறையும் என்ற பதிலை ஏற்கலாம். தயமின் பற்றிய கேள்வி அதோடு தீராது. சோதனைக்கு முன் நோயாளிக்குத் தயமின் எவ்வளவு இருந்தது, நோய்க்காலத்தில் ஊசியாகத் தரப்பட்டதா என்பதைக் குறிக்காத எந்த ஆய்விலும், எண்களை இணைக்கும் வேகம் கூடியதற்குப் புதிய பாக்டீரியா காரணமா, மருத்துவமனைச் சாப்பாடும் வைட்டமினும் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.