குப்பத்து மேடையும் தோட்டத்து உறுமியும்

இசை வளர்ந்த இடங்களைக் கூறுவோர் அரண்மனையையும் ஆலயத்தையும் சபாவையும் சுட்டி அமைவர். சிற்றிடங்களில் கலைஞர் கூடிச் செய்த சோதனைகள் ஏட்டில் ஏறுவது அரிது. ஆயினும் இன்று மரபெனப் போற்றப்படுவனவற்றுள் சில சோதனையாய்ப் பிறந்தவையே. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு இணங்கச் செய்தார். அன்று அயலார் கருவியாயிருந்த அது இல்லாத கச்சேரி இன்று அரிது.

நம் காலத்திலும் அத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டியது ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு. பாடகர் டி. எம். கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு இணைந்து 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஒரு கலைவிழா எடுத்தனர். 1928 இல் தோன்றிய சங்கீத அகாதெமி அங்கிருந்து சில கல் தொலைவிலேயே உள்ளது, மனத்தொலைவோ பெரிது. அத்தொலைவை அளப்பதே விழாவின் நோக்கமாயிற்று. கருநாடக இசையும் பறையாட்டமும் அவ்விழாக்களில் ஒரே மேடையைப் பகிர்ந்தன. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்கினாலன்றி நாதம் எழாது. குளிரூட்டிய மன்றத்தில் அதற்கு வழியேது? குப்பத்து வெட்டவெளியில் அந்தத் தடையில்லை. 2018 இல் அவ்விழா சென்னைக் கலைத்தெரு விழா எனப் பெயர் மாறியது.

ஏழைகளுக்கு உயர்ந்த இசையை ஈயும் தருமம் இது என்று எண்ணியோர் உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது. குப்பத்தார்க்குப் பாட்டுக் கற்பிப்பதினும், சபாவில் அமர்ந்து பழகியோரை மணலில் அமர்த்துவதே அரிய செயல்!

கருநாடகத்து எல்லம்மன் அடியாரான ஜோகப்பாக்களோடும் கிருஷ்ணா 2016 ஆம் ஆண்டளவில் மேடையேறினார். 2017 சனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' தமிழாசிரியர் கருத்தில் கொள்ளத்தக்கது. கபேர் வாசுகி பேச்சுத்தமிழில் எழுதியதை அவர் இராகமாலிகையாகப் பாடினார். எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவே பாடுபொருள். ஊர்ப்பொது நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்னும் சொல் எவ்வாறு வசைச்சொல்லாய் இழிந்தது என்பதை மாணவர்க்கு விளக்க அப்பாடலே போதும். சங்கீத அகாதெமி 2024 இல் கிருஷ்ணாவைச் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தபோது, கலைஞர் சிலர் எதிர்த்து அதன் விழாவிலிருந்து விலகினர்.

இவ்வழக்கு நமக்கும் உரியதே. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் முற்றமே நம்மவர்க்குக் கலைமன்றமாய் இருந்தது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து, மறு முகத்தை அடித்து, ஓசையை உறுமலாக்கும் கலையை இளைஞர் அங்கேதான் பயின்றனர். ஏட்டில் எழுதிய பாடத்திட்டம் அதற்கில்லை. அக்கோயில்கள் பல நின்றது கம்பெனி நிலத்தில். தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது முற்றங்களும் போயின. மக்கள் பட்டணத்துத் தாமான்களில் குடியேறினர். உறுமியும் உடன் வந்தது.

தைப்பூசத்தில் காவடியின் முன் அதனை முழங்கவிடும் நாம், பள்ளியின் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமளிப்பது எத்தனை முறை? வீணையையும் மிருதங்கத்தையும் அழைக்கிறோம், அழைக்கட்டும். உறுமி அடிக்கும் மாணவனோ அதே மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறான்.