புன்னைக்காயலில் தமிழ் எழுதக் கற்பித்தல்: ஓலையும் அச்சும்

புன்னைக்காயல், தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் முதலில் நிலைகொண்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில், ஐரோப்பாவில் உயர்கல்வி பெற்று வந்த துறவிகளுக்குத் தமிழ் பேசவும் எழுதவும் முறையாகக் கற்பிக்கும் முயற்சி இவ்வூரை மையமாகக் கொண்டு நடந்தது. அம்முயற்சியே தமிழ் எழுத்தை முதன்முதலாக அச்சுக்குக் கொண்டுசென்றது. அதன் நோக்கம் சமயம் பரப்புவது. ஆயினும் மொழிக் கல்வியின் வரலாற்றிலும் எழுத்துத் தொழில்நுட்பத்தின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு.

ஒரு சொல்லின் பிழை

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கிறித்தவம் தழுவினர். பிரான்சிசு சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாம் அவற்றை மனப்பாடம் செய்தார். ஊர் ஊராகச் சென்று மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி அதையே ஒப்பிக்கச் செய்தார். எழுதத் தெரிந்தவர்கள் படியெடுத்துக்கொள்ளுமாறு ஒவ்வோர் ஊரிலும் எழுத்துப் படி ஒன்றை விட்டுச் சென்றார்.

பொருள் முழுதும் அறியாமல் மனப்பாடம் செய்ததில் இடர் இருந்தது. விசுவாச மந்திரத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற சொல் நுழைந்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்று ஊரே ஒப்பித்துக்கொண்டிருந்தது. இதை அறிந்த சவேரியார், 1544இல் தம் துணைவர் மன்சீலாசுக்கு எழுதிய கடிதத்தில் அச்சொல்லை மாற்றச் சொன்னார். பக்தி என்று பார்த்தால் அந்தப் பிழையும் அத்தனை மோசமில்லை. ஆனால் ஓலைகளிலும் நாவுகளிலும் ஏற்கெனவே பரவிவிட்ட பிழையை ஊர் ஊராகச் சென்றுதான் திருத்த வேண்டியிருந்தது.

அண்டிரிக் அடிகளார்

தமிழ் நூல்களில் அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக் ஹென்றிகஸ் 1520இல் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசாவில் பிறந்தார். யூத வழிவந்த குடும்பத்தவர் என்பதால் பிரான்சிசுகன் சபை அவரை வெளியேற்றியது. கோயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் பயின்றபின் 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, 1546இல் கோவாவுக்கு வந்து, 1547இல் முத்துக்குளித்துறையை அடைந்தார்.

மொழிபெயர்ப்பாளரை நம்பிப் பேசுவது அவருக்கு நிறைவளிக்கவில்லை. தமிழ் கைவராது என்று முதலில் சோர்ந்தவர், பின்னர் இலத்தீன் கற்ற முறையிலேயே அதை அணுகினார். வேற்றுமைகளையும் வினைமுற்றுகளையும் இறந்தகாலம், எதிர்காலம் என்று வரிசைப்படுத்தி அட்டவணைகளாக எழுதிக்கொண்டார். சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசத் தொடங்கினார். 1549இல் அந்தோணி கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின், இக்கரைப் பணியின் தலைமை அவரிடம் வந்தது. தாம் கற்ற வழியை மற்றவர்களுக்குப் பாடமாக்கும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

பாடநூலும் பயிற்சியும்

அந்த அட்டவணைகள் வளர்ந்து 'மலபார் மொழியின் இலக்கணம்' என்ற போர்த்துக்கீசியக் கையெழுத்து நூலாயின. அன்றைய போர்த்துக்கீசியர் தமிழையும் மலபார் மொழி என்றே அழைத்தனர். தொல்காப்பியமோ நன்னூலோ இதற்கு முன்மாதிரி அல்ல. புலவராக விரும்புபவருக்காக அன்றி, கடற்கரையில் பரதவரோடு பேசி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டியவருக்காக இது எழுதப்பட்டது. அதனால் பேச்சு வடிவங்கள் ஏராளமாகப் பதிவாகியுள்ளன. 16ஆம் நூற்றாண்டு முத்துக்குளித்துறைத் தமிழ் எப்படி ஒலித்தது என்பதை அறிய இன்று மொழியியலாளர் இதை நாடுவதற்குக் காரணமும் அதுவே. மரபிலக்கணம் தள்ளிவைத்த வழக்கை அயலவரின் பாடக்குறிப்பு காப்பாற்றியது.

பயிற்சி நூலோடு நிற்கவில்லை. இக்கரையில் பணியாற்றிய துறவிகள் தமக்குள் தமிழிலேயே பேசவும் கடிதம் எழுதவும் வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. மீறியவருக்குத் தண்டனை உண்டு. பேச்சில் சமாளிப்பவரும் கடிதத்தில் சொல்லின் ஈற்றை எழுதியே ஆகவேண்டும் என்பதால், எழுத்துப் பயிற்சியைப் பொறுத்தவரை இது கடுமையான விதிதான். புன்னைக்காயலிலோ மன்னாரிலோ தமிழுக்கென ஓர் உயர்கல்விக்கூடம் அமைக்கும் எண்ணத்தையும் அண்டிரிக் 1560 வாக்கிலேயே தெரிவித்தார். அக்கனவு பல்கலைக்கழகமாக மலரவில்லை. புன்னைக்காயலில் தமிழ் கற்பிப்பது மட்டும் தொடர்ந்தது. கொல்லத்தைச் சேர்ந்த பிராமணரும் 1561இல் இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியருமான பேரோ லூயிஸ் அவருக்குத் துணை நின்றார்.

அச்சு

தமிழ் அச்சேறியது முதலில் உரோமன் எழுத்தில்தான். 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் கருப்பு, சிவப்பு மைகளில் அச்சான கையேட்டில் தமிழ்ச் செபங்கள் உரோமன் எழுத்தில் வந்தன. அதை உருவாக்கிய வின்சென்ட் தே நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமே தா குரூஸ் மூவரும் போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய இந்தியர்கள்.

தமிழ் எழுத்துக்கு அச்சு வார்க்கும் வேலை பின்னர் இந்தியாவில் நடந்தது. 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் செய்த எழுத்துகளைத் தொடர்ந்து, 1578இல் கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா புதியவற்றைச் செய்தார். அவற்றைக் கொண்டு 1578 அக்டோபர் 20 அன்று 16 பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளியானது. அண்டிரிக்குடன் மனுவேல் தே சான் பெத்ரோ என்ற குருவும் அதன் மொழிபெயர்ப்பாளர். 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவிய இது, ஆசிரியரும் மாணவரும் கேட்டு விடைசொல்லும் வடிவில் அமைந்தது. 1580இல் பாவசங்கீர்த்தன நூலும், 1586இல் 600 பக்கங்களைக் கடந்த 'அடியார் வரலாறு' நூலும் வந்தன. கடைசி நூல் அச்சான இடம் கொச்சியா புன்னைக்காயலா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சுக்கான பொருளுதவியில் முத்துக்குளித்துறைப் பரதவரின் பங்கு பெரிது. கடலில் மூழ்கி எடுத்த சிப்பியின் வருவாயில் ஒரு பகுதி இப்படித் தமிழ் அச்செழுத்தாக மாறியது.

இந்நூல்களைத் திறக்கும் இன்றைய மாணவர் முதல் வரியிலேயே திகைப்பார். மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. 'கல்' என்பதும் 'கல' என்பதும் ஒன்றுபோல் தெரியும். 'கொல்', 'கோல்' என்பவற்றையும் இடம் பார்த்தே பிரித்தறிய வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் அதைத் தவிர்த்தனர். ஈயத்துக்கு அந்த அச்சம் இல்லை. இருந்தும் அச்செழுத்துகள் ஓலைக் கையெழுத்தை ஒட்டியே வார்க்கப்பட்டன. வாசகர் பழகியிருந்தது அந்த எழுத்தோடுதான். புதிய கருவி பழைய கருவியின் குறையையும் உடன் கொண்டுவந்தது. உரோமன் எழுத்தும் சேர்ந்த இலக்கணக் கையெழுத்தில் கூடுதல் ஒலிப்புக் குறிப்பு கிடைப்பது வியப்பானது. ஏகார, ஓகார வடிவங்களைத் தெளிவாக வேறுபடுத்தும் மாற்றம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்தது.

பின்னர்

1586க்குப் பின் இக்கரையின் தமிழ் அச்சு தொடரவில்லை. அண்டிரிக் 1600இல் காலமானார். கேரளத்தின் அம்பலக்காட்டில் 1679இல் அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்து அச்சகம் 1713 வாக்கில் இயங்கத் தொடங்கியபோது, தமிழ் அச்சு ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

நூல்கள் கரையை விட்டு வெகுதூரம் சென்றன. இலக்கணக் கையெழுத்து லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. அதை 1982இல் ஹான்ஸ் பெர்மீர் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 'அடியார் வரலாறு' நூலின் படியை வத்திக்கான் நூலகத்தில் சேவியர் தனிநாயகம் அடிகள் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார். 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக அந்நூல் மீண்டும் வெளிவந்தது; இம்முறை தூத்துக்குடியில்.