கணித வகுப்பில் யார் எங்கே? நடுநிலைப் பள்ளியில் தரம் பிரித்தலும் பெற்றோரின் சட்ட உரிமையும்

பள்ளியில் சாதிப் பாகுபாடு என்றதும் தனிக் குவளை, தனி வரிசை, கழிவறை கழுவச் சொல்வது, கையில் கட்டும் வண்ணக் கயிறு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரிபவை. புகாராக எழுதக் கூடியவை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத மற்றொரு பிரிவினை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கணித வகுப்பில் நிகழ்கிறது. எந்தக் குழந்தை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் சேர்கிறது, யார் உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பப்படுகிறார், யாருக்கு இயற்கணிதம் முழுமையாகக் கற்பிக்கப்படுகிறது என்பவை பெரும்பாலும் பெற்றோருக்குத் தெரியாமலேயே தீர்மானிக்கப்படுகின்றன. இம்முடிவுகளை மறு ஆய்வு செய்யும் உரிமை பெற்றோருக்கும் ஊர் மக்களுக்கும் சட்டப்படி உண்டு. அந்த உரிமையின் அடிப்படைகளையும் பயன்படுத்தும் வழிகளையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டி பேரூராட்சியையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் கண்முன் நிறுத்தியே இது எழுதப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்தில் கடைசி இடம் இதுவே. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டமும் இதுதான். சாதி வன்மமும் கல்விப் பின்னடைவும் ஒரே நிலத்தில் வேர் கொண்டிருக்கும்போது, பள்ளியில் செய்யப்படும் எந்த வகைப்படுத்தலையும் சாதியைத் தவிர்த்துவிட்டுப் பார்க்க இயலாது.

கணிதம் ஏன் முதன்மையானது?

கணிதம் அடுக்கடுக்காகக் கட்டப்படும் பாடம். பின்னம் புரியாத குழந்தைக்கு விகிதம் புரியாது. விகிதம் புரியாத குழந்தைக்கு இயற்கணிதம் எட்டாது. எட்டாம் வகுப்பில் விழும் இடைவெளி பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் வெளிப்படுகிறது. அந்த மதிப்பெண்ணைக் கொண்டே மேல்நிலை முதலாம் ஆண்டில் கணிதம் அடங்கிய பிரிவு கிடைக்குமா என்பது முடிவாகிறது. அப்பிரிவு கிடைக்காதவருக்குப் பொறியியலும் கணினி அறிவியலும் தொலைவாகின்றன. அரசுப் பணியின் கதவிலும் கணிதமே நிற்கிறது: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை.

இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு. இதில் தேர்வு பெறுபவர் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுகிறார். விண்ணப்பிக்க ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. மனத்திறன் தேர்விலும் படிப்பறிவுத் தேர்விலும் கணிதத்திற்குப் பெரும் பங்கு உண்டு. தகுதியுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இத்தேர்வு குறித்துத் தெரிவிக்கப்படுகிறதா, அல்லது 'தேறக்கூடிய' சிலர் மட்டும் பயிற்சிக்கு எடுக்கப்படுகிறார்களா என்பது ஒவ்வொரு பள்ளியிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் தரம் பிரித்தலின் வரலாறு

ஒரே வயதுக் குழந்தைகளுக்கு வெவ்வேறு கணிதம் என்பது நமக்குப் புதிதன்று. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. இருந்த காலத்தில் பொதுக் கணிதம், காம்போசிட் கணிதம் என இரு வழிகள் இருந்தன. உயர்கல்வியில் அறிவியல் பக்கம் செல்வதற்கான வழி பெரும்பாலும் இரண்டாவதன் வழியே திறந்தது. பின்னர் பாடத்திட்டங்களே பிரிந்து நின்றன: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு. 2010இல் இயற்றப்பட்ட சமச்சீர் பள்ளிக் கல்விச் சட்டம் இப்பிரிவினையை நீக்கியது. அதை நிறுத்தி வைக்க முயன்ற அரசின் நடவடிக்கையை ஏற்காமல், 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. காலனியிலிருந்து வரும் குழந்தையும் ஊரிலிருந்து வரும் குழந்தையும் ஒரே கணிதப் புத்தகத்தைக் கையில் ஏந்தியது அதன் பயன்.

புத்தகம் ஒன்றானது, கற்றல் நிலை ஒன்றாகவில்லை. பெருந்தொற்றுக் காலத்தின் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் வகைப்படுத்தப்படுகின்றனர். 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையில் 'திறன்' திட்டம் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் அடிப்படைத் திறன் எட்டாத மாணவர்களை அடிப்படை மதிப்பீட்டின் வழியே கண்டறிந்து தனிக் கவனம் அளிப்பது இதன் நோக்கம்.

நோக்கம் நல்லதே. எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்தி வைக்காத கொள்கையைத் தமிழ்நாடு காத்துவருகிறது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்ற 2019ஆம் ஆண்டு அறிவிப்பு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் நிறுத்தி வைத்தலை அனுமதித்தபோதும் மாநில அரசு அதை ஏற்கவில்லை. நிறுத்தி வைக்காத கொள்கை மெய்யாக வேண்டுமெனில் பின்தங்கிய குழந்தைக்குக் கூடுதல் கற்பித்தல் கட்டாயம் தேவை. ஆகவே நம் கேள்வி அத்திட்டங்கள் வேண்டுமா என்பதன்று. பட்டியலில் யார் நுழைகிறார், எப்போது வெளியேறுகிறார், இடைப்பட்ட காலத்தில் எதை இழக்கிறார் என்பதே கேள்வி.

மதிப்பீடு நடுநிலையானதா?

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, கணக்கு ஒன்றைச் செய்யக் கரும்பலகைக்கு அழைக்கப்பட்டார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த உணவுப் பெட்டிகள் தீட்டாகிவிடும் என்று பிற மாணவர்கள் கூச்சலிட்டு ஓடி, அவற்றை அப்புறப்படுத்திய பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கணக்குத் தெரிந்திருந்தாலும் அதைச் செய்து காட்டும் வெளி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

இதை ஆய்வுகளும் உறுதி செய்கின்றன. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்வழிச் சோதனை நடத்தினர். சாதி அறிவிக்கப்படாதபோது தலித் சிறுவர்களும் பிறரும் ஏறத்தாழச் சமமாகவே செய்தனர். அனைவர் முன்னிலையிலும் சாதி அறிவிக்கப்பட்டதும் தலித் சிறுவர்களின் செயல்திறன் சரிந்தது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், விடைத்தாள்களின் முகப்பில் சாதி குலுக்கல் முறையில் எழுதப்பட்டு ஆசிரியர்களிடம் திருத்தத் தரப்பட்டது. தாழ்த்தப்பட்ட சாதி எனக் குறிக்கப்பட்ட தாள்கள் சற்றே குறைந்த மதிப்பெண் பெற்றன. தாழ்த்தப்பட்ட சாதிப் பின்னணி கொண்ட திருத்துநர்களிடமே இப்போக்கு கூடுதலாகக் காணப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. தனி ஆசிரியரின் தீய எண்ணம் மட்டுமே காரணமென்றால் ஆசிரியரை மாற்றினால் போதும். காரணம் அதைவிட ஆழமானது என்பதால்தான் நடைமுறையையே மாற்ற வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில், தொடக்க நிலை மதிப்பெண்ணைக் கொண்டு வகுப்புகளைப் பிரித்தபோது பின்தங்கிய வகுப்புக் குழந்தைகளும் பயன் பெற்றனர். ஆசிரியர் அவர்களின் நிலைக்கு இறங்கிக் கற்பித்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எனவே பிரித்தல் தன்னளவில் நஞ்சன்று. குறிப்பிட்ட திறனுக்காக, குறிப்பிட்ட காலத்திற்கு, கற்பித்தல் தரம் குறையாமல் பிரித்தால் அது உதவி. சாதியோ குடியிருப்போ நுழைவாயிலாகி, வெளியேறும் வழி இல்லாமற் போனால் அது ஒதுக்கல்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இங்கே பயன்படும். தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளில் இருந்த தரவரிசைத் தடங்கள் கறுப்பின, ஏழைக் குழந்தைகளைக் கீழ்த்தடத்திலேயே பூட்டி வைத்தன என்று கண்டு, 1967இல் ஹாப்சன் எதிர் ஹான்சன் வழக்கில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அம்முறையை ஒழிக்க உத்தரவிட்டார். 1960களில் மிசிசிப்பியில் வாக்குரிமைக்காகப் போராடிய ராபர்ட் மோசஸ், 1982இல் 'இயற்கணிதத் திட்டம்' தொடங்கினார். வாக்குரிமையைப் போலவே கணித அறிவும் குடியுரிமையின் நிபந்தனை என்பது அவர் நிலைப்பாடு. பெற்றோரையும் மாணவரையும் திரட்டிக் கோரிக்கை எழுப்பச் செய்ததே அவருடைய வழிமுறை.

சட்டம் தரும் பிடிகள்

அரசியல் சட்டத்தின் 21அ பிரிவு கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 46ஆம் பிரிவு பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் வளர்க்க அரசைப் பணிக்கிறது. அன்றாடப் பயன்பாட்டிற்கு உதவுவது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே. அதன் முக்கியப் பிரிவுகள் வருமாறு:

8, 9ஆம் பிரிவுகள்: நலிந்த பிரிவைச் சேர்ந்த குழந்தை எவ்வகையிலும் பாகுபாட்டிற்கு உள்ளாகாமல் தொடக்கக் கல்வியை முடிப்பதை அரசும் உள்ளாட்சியும் உறுதி செய்ய வேண்டும்.

17ஆம் பிரிவு: உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் தடை செய்யப்பட்டுள்ளன. 'உனக்குக் கணக்கு வராது' என்று வகுப்பில் ஒரு குழந்தையைத் தொடர்ந்து இழிவுபடுத்துவதை இப்பிரிவின் கீழ் எழுப்பலாம்.

21ஆம் பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கேற்ற இடம். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், 22ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இக்குழுவின் பணி.

24ஆம் பிரிவு: ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலை வழங்குவதும், வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் கூட்டம் நடத்தித் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமை. தரம் பிரித்தல் பற்றிப் பெற்றோருக்குச் சொல்வது பள்ளி காட்டும் சலுகை அன்று என்பதை இப்பிரிவு நிறுவுகிறது.

சட்டத்தின் அட்டவணை: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அறிவியல் மற்றும் கணிதத்திற்கு ஆசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும். கணித ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ள பள்ளியில் குழந்தைகளை 'மெல்லக் கற்போர்' என்று முத்திரையிடுவது, பள்ளியின் குறையைக் குழந்தையின் மேல் எழுதுவதாகும்.

32ஆம் பிரிவு: குறைகளை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் அளிக்கலாம்; மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்; மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம்.

நாங்குநேரி நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்களை அகர வரிசைப்படி அமர வைக்கப் பரிந்துரைத்தது. இருக்கை வரிசைக்கே இக்கவனம் தேவை எனில், கற்றல் வரிசைக்கு அது இன்னும் தேவை.

மறு ஆய்வை எப்படி நடத்துவது?

தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022இலும் 2024இலும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. தற்போது 24 உறுப்பினர்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர். முன்னாள் மாணவர்களுக்கும் இடமுண்டு. ஊரில் கல்லூரி சென்ற தலித் இளைஞர்கள் பயன்படுத்த வேண்டிய வாயில் இதுவே.

முதலில் எண்களைக் கேளுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கூடுதல் பயிற்சிப் பட்டியலில் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற வகுப்பினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கடந்த பருவத்தில் எத்தனை பேர் வெளியேறினர், உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேர் தகுதி பெற்று எத்தனை பேர் விண்ணப்பித்தனர் என்பவை போதும். குழந்தைகளின் பெயர்களைக் கேட்க வேண்டாம். அது அவர்களுக்கே தீங்காகும். எண்ணிக்கை தரப்படாவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

அடுத்து, வகுப்பின் சாதி விகிதத்தையும் பட்டியலின் சாதி விகிதத்தையும் ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அது உடனே குற்றத்திற்குச் சான்றாகிவிடாது. விளக்கம் கோருவதற்கான சான்றாகும். தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் இல்லாதது, செங்கல் சூளைக்கும் பெங்களூருக்கும் குடும்பம் வேலைக்குச் சென்றதால் விடுபட்ட மாதங்கள் எனக் காரணங்கள் பல இருக்கலாம். காரணத்திற்கு ஏற்பத் தீர்வும் மாறும்.

மூன்றாவதாக, குழுவின் தீர்மானமாகச் சில விதிகளை எழுதிப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேருங்கள்: ஒரே தேர்வை மட்டும் வைத்து வகைப்படுத்தாமை, பருவந்தோறும் மறு மதிப்பீடு, கூடுதல் பயிற்சியின் பொருட்டு வழக்கமான கணிதப் பாடவேளையை இழக்காமை, பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்காமை, பெற்றோர் மறு மதிப்பீடு கோரும் உரிமை, தகுதியுள்ள அனைவருக்கும் உதவித்தொகைத் தேர்வு விண்ணப்பம்.

கூட்டம் எப்போது நடக்கிறது என்பதும் நீதி சார்ந்ததே. பகல் 11 மணிக்குக் கூட்டினால் கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் சென்ற பெற்றோர் வர இயலாது. மாலை நேரத்தையோ விடுமுறை நாளையோ கோருங்கள். தலித் குடியிருப்பிலுள்ள பொது இடத்தில் முன்கூட்டம் ஒன்றை நடத்தினால், பள்ளியில் வாய் திறக்கத் தயங்கும் தாய்மார் அங்கே பேசுவர். சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பள்ளி ஆசிரியர் பணியிடம் பற்றிய தீர்மானத்தை அங்கே நிறைவேற்றலாம். பேரூராட்சிப் பகுதியில் கிராம சபை இல்லை. வார்டு உறுப்பினர் வழியே மன்றத்தில் எழுப்ப வேண்டும். அதன் பின்னரும் பயன் இல்லையெனில் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசையில் எழுத்து மூலம் செல்லலாம்.

ஆசிரியரை எதிரியாக நிறுத்தும் கூட்டம் தோற்றுப்போகும். ஒரே ஆள் இரு வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், கூடுதல் கணித ஆசிரியரைக் கோரும் தீர்மானம் ஆசிரியருக்கும் துணை நிற்பதே.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் கணித வகுப்பின் கடைசி வரிசையைக் காலனிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கும் பழக்கம் ஆவணத்தில் எழுதப்படுவதில்லை. அதை அரசாணையால் அழிக்கவும் முடியாது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பதிவேட்டில் மேற்சொன்ன எண்கள் எழுதப்படட்டும். எழுதப்பட்ட எண்ணுக்கு எவராவது பதில் சொல்லியாக வேண்டும்.