உலோகம் கண்டறியும் கருவியும் விக்டோரியாவின் தங்க வயல்களும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1851 ஆம் ஆண்டு தொடங்கிய தங்க வேட்டையில் மேல்மண்ணிலிருந்த தங்கம் விரைவாக அள்ளப்பட்டது. கைவிடப்பட்ட அந்த வயல்களில் ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் தங்கக் கட்டிகள் கிடைத்தன. அதற்குக் காரணம், மெட்டல் டிடெக்டர் எனப் பலரும் அழைக்கும் உலோகம் கண்டறியும் கருவி. தங்கம் தேட எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இவ்வயல்களின் வரலாறு தெளிவான விடை தருகிறது. தேடப்படும் தங்கத்தின் அளவும் அது புதைந்துள்ள மண்ணின் தன்மையுமே தேர்வைத் தீர்மானிக்கின்றன. விலையும் விளம்பரமும் அவற்றுக்குப் பிந்தியவை.

மிஞ்சிக் கிடந்த தங்கம்

பல்லாரட், பெண்டிகோ, காசில்மெய்ன் ஆகிய இடங்களில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் விக்டோரியாவுக்கு வந்தனர். 1851 இல் ஏறத்தாழ 77,000 ஆக இருந்த மக்கள்தொகை 1861 இல் ஏறத்தாழ 5,40,000 ஆக உயர்ந்தது. வந்தவர்களிடம் இருந்தவை மண்வெட்டி, கடப்பாரை, மண்ணை அலசும் தட்டு போன்ற எளிய கருவிகளே. ஓடைப் படுகைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மண்ணைத் தோண்டிக் கழுவித் தங்கத்தைப் பிரித்தனர்.

தங்கம் எந்த ஆழத்தில் இருக்கும் என்பதை அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1858 இல் பல்லாரட்டில் ஏறத்தாழ 69 கிலோ எடையுள்ள 'வெல்கம் நகெட்' என்ற கட்டி, 55 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. மாறாக, 1869 பிப்ரவரி 5 அன்று மோலியாகுல் என்ற ஊரருகே ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் ஆகியோர் கண்டெடுத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி தரைக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது. அதிலிருந்த தங்கம் மட்டும் ஏறத்தாழ 72 கிலோ. அதை நிறுக்கும் அளவுக்குப் பெரிய தராசு டனோலி நகரில் இல்லாததால், கொல்லரின் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தே எடை போட்டனர்.

கண்ணுக்கும் கடப்பாரைக்கும் தப்பிய கட்டிகள், யாரும் தோண்டாத மேட்டு நிலங்களிலும் தோண்டிய குழிகளுக்கு இடையிலும் அப்படியே கிடந்தன. அவற்றை அறிய, தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்கும் வழி தேவைப்பட்டது.

கருவியின் தோற்றம்

1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். அவர் உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல் மின்காந்தத் தூண்டலால் இயங்கும் கருவி ஒன்றை அமைத்தார். கருவி வேலை செய்தது. ஆனால் குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் அதைக் குழப்பியதும் தோல்விக்கு ஒரு காரணம். தேடும் பொருளைவிட அதைச் சுற்றியுள்ளவையே கருவிக்குப் பெரிய தடை என்பது முதல் முயற்சியிலேயே வெளிப்பட்டது. தங்கம் தேடியவர்களும் பின்னாளில் இதே சிக்கலையே சந்தித்தனர்.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர், வானொலி அலைகளைக் கொண்டு விமானங்களுக்குத் திசை காட்டும் அமைப்புகளில் பணியாற்றியவர். உலோகப் பொருள்களும் தாதுக்கள் நிறைந்த நிலமும் அந்த அலைகளைப் பிறழச் செய்வதை அவர் கவனித்தார். அக்குறையையே பயனாக மாற்றிக் கையில் கொண்டுசெல்லும் கருவியை உருவாக்கி, 1937 இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி கண்டறியும் கருவி, 1942 எல் அலமைன் போரில் பயன்பட்டது. போருக்குப் பின் இத்தகைய கருவிகள் பொதுமக்கள் கைக்கும் வந்தன.

செயல்படும் முறை

கருவியின் அடியில் உள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது, மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலம் மண்ணில் உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் இரண்டாவது காந்தப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது.

தங்கம் நன்கு மின்கடத்தும் உலோகம் என்றாலும், சிறு தங்கத் துணுக்கில் எழும் சுழல் மின்னோட்டம் நொடியில் மிகச் சிறிய பங்கு நேரத்திலேயே அடங்கிவிடும். குறைந்த அதிர்வெண்ணில் அது புலப்படுவது கடினம். நாணயம் போன்றவற்றைத் தேடும் பொதுவான கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. தங்கத்துக்கெனச் செய்யப்பட்டவற்றின் அதிர்வெண் இதைவிட மிகுதி. மைன்லேப் நிறுவனத்தின் கோல்டு மான்ஸ்டர் 1000 கருவி 45 கிலோஹெர்ட்ஸிலும், ஃபிஷர் நிறுவனத்தின் கோல்டு பக் 2 கருவி 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன.

1980: 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்'

1970களின் இறுதியில் விக்டோரியாவின் பழைய வயல்களில் கருவியுடன் தேடுவோர் பெருகினர். 1980 செப்டம்பர் 26 அன்று கிங்கோவர் என்ற ஊரருகே கெவின் ஹில்லியர் என்பவரின் கருவி ஒலித்தது. சுமார் ஓரடி ஆழத்தில் செங்குத்தாக நின்றிருந்தது 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்கக் கட்டி. 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' எனப் பெயர் பெற்ற அதை, அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் உள்ள கோல்டன் நகெட் சூதாட்ட விடுதி பத்து லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கருவி கொண்டு கண்டெடுக்கப்பட்ட தங்கக் கட்டிகளில் மிகப் பெரியதாக இது அறியப்படுகிறது.

மண் என்னும் தடை

விக்டோரியாவின் தங்க வயல்களில் செம்மண்ணும் இரும்புக் கற்களும் மிகுதி. மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள் தங்கம் இல்லாத இடத்திலும் கருவியை ஒலிக்கச் செய்யும். சில வேளைகளில் தங்கத்தின் மெல்லிய ஒலியை மூழ்கடிக்கும். மண்ணின் இந்த எதிர்வினையை ஈடுசெய்யும் வசதி, நிலச் சமன்செய்தல் எனப்படுகிறது. இதைக் கொண்ட கருவிகளும் இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் ஆழம் இழந்தன.

1985 இல் அடிலெய்டு நகரில் தொடங்கப்பட்ட மைன்லேப் நிறுவனம், புரூஸ் கேண்டி என்பவரின் கண்டுபிடிப்புகளைக் கொண்டு இச்சிக்கலுக்கு விடை தேடியது. அது 1995 இல் வெளியிட்ட எஸ்டி 2000 கருவி துடிப்புத் தூண்டல் முறையில் இயங்கியது. இம்முறையில் கம்பிச்சுருள் வலுவான மின்துடிப்பை அனுப்பி உடனே நிறுத்துகிறது. பிறகு உலோகத்தில் தேய்ந்து மறையும் மின்னோட்டத்தைக் கருவி உணர்கிறது. துடிப்பு நின்றவுடன் மண்ணின் எதிர்வினையில் பெரும்பகுதி அடங்கிவிடும். எஞ்சுவதை, வெவ்வேறு நீளமுள்ள துடிப்புகளை ஒப்பிட்டு எஸ்டி 2000 நீக்கியது. முன்பு பலமுறை தேடி முடித்த இடங்களிலும் ஆழத்தில் கிடந்த கட்டிகள் இதனால் வெளிப்பட்டன.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

இரு முறைகளுக்கும் அவற்றுக்குரிய எல்லைகள் உண்டு. இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் ஆழத்தில் உள்ள பெரிய கட்டிகளுக்குத் துடிப்புத் தூண்டல் கருவி ஏற்றது. ஆனால் மிகச் சிறிய துணுக்கின் மின்னோட்டம் அக்கருவி உணரத் தொடங்கும் முன்பே அடங்கிவிடக்கூடும். இரும்புச்சத்து குறைந்த நிலத்தில் மேலாகக் கிடக்கும் சிறு தங்கத்துக்கு உயர் அதிர்வெண் கருவி பொருந்தும். அதன் விலையும் எடையும் பெரும்பாலும் குறைவு.

பழைய வயல்களில் சுரங்கத் தொழிலாளர் விட்டுச்சென்ற ஆணிகளும் தகரத் துண்டுகளும் ஏராளம். உயர் அதிர்வெண் கருவிகள் இரும்பை ஓரளவு பிரித்துக் காட்டும். துடிப்புத் தூண்டல் கருவிகள் இதில் பின்தங்கியவை என்பதால், அவற்றைப் பயன்படுத்துவோர் பல குப்பைகளையும் தோண்ட வேண்டியிருக்கும். கம்பிச்சுருளின் அளவும் முக்கியம்: பெரிய சுருள் ஆழமாகத் தேடும், சிறிய சுருள் சிறு துணுக்குகளை நன்கு காட்டும். மண்ணில் கலந்த தூள் தங்கத்துக்கு எந்தக் கருவியும் உதவாது. அதற்கு அலசும் தட்டே இன்றும் வழி. வெல்கம் நகெட் கிடந்த 55 மீட்டர் ஆழம் இன்றைய கையடக்கக் கருவி எதற்கும் எட்டாதது.

சட்டமும் உரிமையும்

1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டில் நடந்த யுரேகா கிளர்ச்சிக்குத் தங்கம் தோண்டுவோரிடம் வசூலிக்கப்பட்ட உரிமக் கட்டணம் முக்கியக் காரணமாக இருந்தது. அடுத்த ஆண்டில் மாத உரிமத்துக்கு மாற்றாக, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்னும் அனுமதி வந்தது. இதே பெயருள்ள அனுமதி விக்டோரியாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது, பத்தாண்டுகளுக்குச் செல்லும். இதை வைத்திருப்பவர் அனுமதிக்கப்பட்ட அரசு நிலங்களில் கருவியாலும் கைக்கருவிகளாலும் தேடலாம். கிடைக்கும் தங்கம் அவருக்கே சொந்தம். தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவு வேண்டும். தோண்டிய குழியை மூடுவதும் தேடுபவரின் கடமை.

'தீர்ந்துபோன வயல்' என்று சொல்லப்பட்டது பல நேரங்களில் நிலத்தின் எல்லையை அன்று; அக்காலக் கருவியின் எல்லையையே குறித்தது. அதே வேளையில், எடுக்கப்பட்ட கட்டி மண்ணில் மீண்டும் விளைவதில்லை. ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் முந்தையது விட்டுவைத்ததையே தேடுகிறது. ஆகவே எந்த நிலத்தில் தேடப் போகிறோம், அங்கு முன்பு எத்தகைய தங்கம் கிடைத்தது என்பதை அறிந்த பிறகு கருவி வாங்குவதே பொருளுக்கும் உழைப்புக்கும் பாதுகாப்பு.