பாட ஆய்வும் தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சியும்

பாட ஆய்வு என்பது ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரு பாடவேளையைத் திட்டமிட்டு, அவர்களுள் ஒருவர் அதை வகுப்பில் நடத்த, மற்றவர்கள் மாணவர்களைக் கவனித்து, பின்னர் சேர்ந்து பேசித் திருத்தும் பயிற்சி முறையாகும். ஜப்பானில் இது ஜுக்யோ கென்க்யூ எனப்படுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. கைசென், தர வட்டம் ஆகியவை அங்குள்ள ஆலைகளில் பழகிய சொற்கள். அதனால் பாட ஆய்வும் ஆலையிலிருந்து பள்ளிக்குப் போன முறை என்று எண்ணத் தோன்றும். காலவரிசை அப்படி இல்லை. தர வட்டங்கள் ஜப்பானில் 1962இல்தான் தொடங்கின. பாட ஆய்வின் வேர்கள் மெய்ஜி காலத்தவை.

டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1872இல் தொடங்கப்பட்டது. அமெரிக்கரான மரியன் ஸ்காட், ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒருசேரக் கற்பிக்கும் முறையை அங்கு அறிமுகப்படுத்தினார். 1883இல் வகபயாஷி, ஷிராய் இருவரும் வெளியிட்ட கற்பித்தல் கையேட்டில், பிறர் நடத்தும் பாடத்தை எவ்வாறு விமர்சிப்பது என்பதற்கும் வழிகாட்டுதல் இருந்தது.

சென்னை இதில் பிந்தியது அன்று. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்த அரசு நார்மல் பள்ளி 1856இலேயே தோன்றிவிட்டது. மாதிரிப் பாடமும் விமர்சனப் பாடமும் ஆங்கிலேயர் காலப் பயிற்சி நிறுவனங்களிலும் வழக்கில் இருந்தவையே. ஆனால் ஜப்பானில் பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தம் பாடத்தைச் சக ஆசிரியர்முன் திறந்து வைத்தனர்; இங்கே அது பெரும்பாலும் பயிற்சி மாணவருக்கு மட்டுமான தேர்வாகச் சுருங்கியது. குரல், கரும்பலகைக் கையெழுத்து, பாட அறிமுகம் ஆகியவை குறிப்பேட்டில் ஏறின. பின்வரிசைச் சிறுவனுக்கு என்ன புரிந்தது என்பதற்கு அதில் தனி இடமில்லை.

பாட ஆய்வில் கண் விழுவது அந்தச் சிறுவன்மேல்தான். எடுத்துக்காட்டாக, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒரு மாணவி ஐந்தில் இரண்டு என்று எழுதலாம். நடத்துபவர் விடை தவறு என்று கடந்துவிடுவார். அருகில் நிற்பவரோ, அவள் மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டியதைக் காண்பார். மறுமுறை அதே பாடம் காகிதப் பட்டையை மடிப்பதில் தொடங்கும். வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் ஒரகடம் போன்ற இடங்களில், குழந்தை தடுமாறுவது கணக்கிலா தமிழ்ச்சொல்லிலா என்பதைப் பிரித்தறியப் புதிய ஆசிரியர் ஒருவரின் கண் போதாது.

ஜப்பான் 1989 முதல் புதிய ஆசிரியர்களுக்கு ஓராண்டுப் பணிநுழைவுப் பயிற்சியை நடைமுறைப்படுத்தியது. ஸ்டிக்லர், ஹீபர்ட் இருவரும் 1999இல் எழுதிய நூலுக்குப் பிறகே பாட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின. 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. நாட்கள் கூடின, ஆனால் அவற்றைத் தனியாகக் கழிப்பதா குழுவாகக் கழிப்பதா என்பது பயிற்சிப் பள்ளியைப் பொறுத்தே அமைகிறது.

ஈராசிரியர் பள்ளிகளில் குழு அமைவதே கடினம். பல பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் அதற்கு ஏற்றவை. ஆனால் அவை பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. கவனிப்பதற்கு அன்று வகுப்பில் குழந்தைகள் இருப்பதில்லை.