நாடு

நாடு (பெயர்ச்சொல்): 1. ஓர் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பரப்பு. 2. பல ஊர்கள் சேர்ந்த பிரிவு. 3. அப்பிரிவின் சபை. விரும்பித் தேடுதல் எனப் பொருள்படும் 'நாடுதல்' என்னும் வினையோடு இதனை உறவுபடுத்துவாரும் உளர்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இச்சொல் ஊர்த்தொகுதியையும், அங்கே நிலவுடைமை பெற்ற நாட்டாரின் கூட்டத்தையும் ஒருங்கே குறித்தமையால், கூடிப் பேசி முடிவுசெய்யும் ஜனநாயகப் பண்பும், நிலமற்றோரை வெளியே நிறுத்தும் ஏற்றத்தாழ்வும் அதன் பொருளுக்குள் சேர்ந்தே வளர்ந்தன.

சிவகங்கைச் சீமையில் இப்பழம்பொருள் இன்றும் வழக்கிலுள்ளது. தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில், சொர்ணமூர்த்தீஸ்வரர் ஆலயத்து ஆனித் தேரின் முதல் மரியாதை உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்னும் நான்கு நாட்டாருக்கே உரியதென்று வழங்கி வந்ததும், அந்நாடுகளிலேயே பிறந்து உழைக்கும் தாழ்த்தப்பட்ட மக்கள் தாமும் வடம் பிடிக்கும் பாத்தியதை கோரியபோது பூசல் மூண்டு, வழக்கு நீதிமன்றம் ஏறி, தேர் பல்லாண்டுகள் ஓடாமல் நின்று, 2024-ஆம் ஆண்டு ஆனியில் பெருங்காவலுடன் ஓடியதும் இச்சொல்லின் சரித்திரத்தில் அடங்கும்.

அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் அசமத்துவமும் நிலவும் முரண்பாட்டை விரைவில் நீக்காவிடில் ஜனநாயகமே அபாயத்துக்கு உள்ளாகும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். வாக்களிக்கும்போது நாட்டின் அங்கத்தினராகவும், வடத்தின் முன் நாட்டுக்கு அந்நியராகவும் ஒருவரையே நிறுத்துவது அம்முரண்பாடே. ஆதலின், நாட்டார் என்னும் சொல் நாட்டில் வாழும் அனைவரையும் குறிக்கச் செய்வதே குடியரசின் தலையாய கடமையாகும்.