யாரும் பார்க்காத முகம்

கொரியாவின் நூறு வொன் காசில் ஒரு முகம் இருக்கிறது. தாடி, அரசு அதிகாரியின் தொப்பி, அமைதியான கண்கள். கடற்படைத் தளபதி யி சுன்-சின். 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பைக் கடலில் முறியடித்தவர். 1598இல் கடைசிப் போரில் குண்டடிபட்டு இறந்தவர். 2014இல் வந்த கொரியப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சரி, அந்த முகம் அவருடையதுதானா?

சொல்ல முடியாது. அவர் வாழ்ந்த காலத்தில் வரைந்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவரை நன்கு அறிந்த அமைச்சர் யூ சங்-ரியோங் எழுதிவைத்த சில வரிகள் உண்டு: அதிகம் பேசமாட்டார், சிரிக்கமாட்டார், பார்க்க ஒரு படிப்பாளி மாதிரி இருப்பார்.

ஆனால் நாட்டுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. 1932இல், ஜப்பானிய ஆட்சியின்போதே, ஆசானில் உள்ள அவரது நினைவாலயத்தை மக்கள் காசு போட்டுப் புதுப்பித்தார்கள். அங்கே வைத்த படத்தை வரைந்தவர் யி சாங்-பொம். 1936இல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற சோன் கீ-ஜோங்கின் நெஞ்சிலிருந்த ஜப்பானியக் கொடியைப் பத்திரிகைப் படத்தில் அழித்ததிலும் இவர் கை உண்டு.

விடுதலைக்குப் பின், 1953இல் சாங் ஊ-சொங் இன்னொரு படம் வரைந்தார். 1968இல் சியோல் நடுவீதியில் கவசமும் வாளுமாய்ச் சிலை எழுந்தது. ராணுவத்திலிருந்து வந்த அதிபர் பார்க் சுங்-ஹீக்கு ஒரு தளபதி தேவைப்பட்டார். 1973இல் சாங்கின் ஓவியம் அரசின் அதிகாரபூர்வ முகமானது. பின்னாளில் காசிலும் ஏறியது.

2009இல் ஜப்பானிய ஆட்சியோடு ஒத்துழைத்தவர்களின் பெயர்த்தொகுதி வெளியானது. அதில் சாங் ஊ-சொங் பெயர் இருந்தது. யி சாங்-பொம் பெயரும் இருந்தது! கொடியை அழித்த அதே கை.

முகத்தை மாத்தணும் என்கிற குரல் அங்கே இன்னும் ஓயவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் புதிதாக வரைந்தாலும் யி சுன்-சின் நமக்குக் கிடைக்கமாட்டார். வரைகிற காலத்தின் முகம்தான் கிடைக்கும்.

அவரே எழுதிய போர்க்கால நாட்குறிப்பு இருக்கிறது. 1597இல் சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் தாய் இறந்த செய்தி வருகிறது. அதே ஆண்டில் மகனும் கொல்லப்படுகிறான். தூக்கமில்லாத இரவுகள், நோய், அழுகை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். காசிலும் சிலையிலும் அழாத மனிதர், அந்தப் பக்கங்களில் அழுகிறார்.